செலாயாங் முதல் செந்தூல் வரை: ஓர் உணவு வங்கிப் பயணம்

ஞாயிறு, பிரிக்பீல்ட்ஸ்

எங்கள் ஊர்க் கோயில் குழு என்னைக் கோலாலம்பூருக்கு அனுப்பியிருக்கிறது. அனுப்பியிருக்கிறது என்றால் ரயில் டிக்கெட் என் காசு, தங்கல் சித்தி வீடு. குழு கொடுத்தது ஆசீர்வாதம் மட்டும். எங்கள் ஊரான சுங்கைப்பட்டாணியில் இ.டி.எஸ். ரயில் ஏறி, ஈப்போ வரை தூங்கி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்தே வந்துவிட்டேன்.

வந்த காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கோயிலில் அன்னதானம் குறைவில்லாமல் நடக்கிறது. திருவிழாவுக்குப் பந்தல் போட்டால் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளிலிருந்தெல்லாம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பிளாட்டில், மாசக் கடைசியில் மெகி மட்டும் அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வீடுகள் உண்டு. 2021-இல் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, சாப்பாட்டுக்கு உதவி வேண்டும் என்று காட்ட நாடு முழுக்க வாசலில் வெள்ளைக் கொடி கட்டினார்களே, அப்போது அந்த பிளாட்டிலும் ஒரு வீட்டு ஜன்னலில் கொடிக்குப் பதிலாகத் தலையணை உறை தொங்கியது. அதைப் பார்த்துத்தான் அந்த வீட்டில் அரிசி இல்லை என்று எங்களுக்குத் தெரிந்தது. கோயில் மணியடித்தால் கேட்கிற தூரம்.

அப்புறம் நாங்களும் கொஞ்ச நாள் சாமான் பை கட்டிக் கொடுத்தோம், நின்றுபோனது. இப்போது மறுபடியும், உணவு வங்கி மாதிரி ஏதாவது நிரந்தரமாகச் செய்யலாமா என்ற பேச்சு. பொருளாளருக்கு இதில் நம்பிக்கை இல்லை. "அரிசி வாங்கிக் கொடுத்தா வேலை முடிஞ்சது, அதுக்கு எதுக்கு வங்கி?" என்கிறார். கேட்க நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் இந்தப் பயணம். நாளை காலை ஒரு கிடங்கு. சுற்றுலாப் பதிவு எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும், இரட்டைக் கோபுரம் வராது.

திங்கள், ஜாலான் ஈப்போ பக்கம்

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை. டயர் கடைக்கும் கதவு ஜன்னல் செய்யும் பட்டறைக்கும் நடுவில் ஓர் இரும்புக் கதவு. உள்ளே போனால் கூரை வரை அட்டைப்பெட்டி. ஒரு பக்கம் குளிர் அறை. நடுவில் நீளமான மேசைகள். சுவரில் வெள்ளைப் பலகையில் எந்தெந்த இல்லத்துக்கு எந்த நாள் லோரி போகிறது என்று எழுதியிருந்தது. அனாதை இல்லம், முதியோர் இல்லம், அகதிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி, மலிவு வீடுகள் என்று வரிசை நீளம்.

இங்கே யாரும் சமைப்பதில்லை, யாருக்கும் நேரடியாகச் சோறு போடுவதுமில்லை. பேரங்காடிகளும் தொழிற்சாலைகளும் விற்க முடியாமல் ஒதுக்குகிற நல்ல உணவை வாங்கி, பிரித்து, எடை போட்டு, ஏற்கெனவே மக்களோடு வேலை செய்கிற இல்லங்களுக்கும் சங்கங்களுக்கும் அனுப்புவதுதான் இவர்கள் வேலை. மலேசியாவில் ஃபுட் எய்ட் ஃபவுண்டேஷன் 2013-லும் தி லாஸ்ட் ஃபுட் ப்ராஜெக்ட் 2016-லும் இப்படித்தான் தொடங்கின. 2018 கடைசியில் உள்நாட்டு வாணிப அமைச்சே உணவு வங்கித் திட்டத்தை ஆரம்பித்தது, பிறகு அதற்கென ஓர் அறவாரியமும் வந்தது.

என்னைப் பிரிக்கிற மேசையில் நிற்க வைத்தார்கள். சொல்லிக்கொடுத்தது ஒரு சின்னப் பெண், கல்லூரி மாணவி. கையுறை மாட்டியதும் முதல் பாடம் டின்.

"அக்கா, நடுவுல நசுங்கியிருந்தா பரவால்ல. மூடி ஓரத்துல, இந்த மடிப்புல நசுங்கியிருந்தா தள்ளி வைங்க. உப்பியிருந்தா திறந்துகூடப் பாக்காதீங்க, நேரா குப்பை."

மடிப்பில் நசுங்கினால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்திருக்கலாம். டின் உப்பியிருந்தால் உள்ளே கிருமியால் வாயு சேர்ந்திருக்கிறது. இதை விரலால் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். சார்டின் டின் ஒன்றை எடுத்து ஓரமாக ஒரு சுற்று விரலை ஓட்டிக் காட்டினாள். ஒரு இடத்தில் விரல் லேசாக இடறுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். கடையில் நாம் வாங்கும்போது யாராவது இப்படித் தடவிப் பார்க்கிறோமா?

அடுத்தது தேதி. "குணா செபெலும்" என்று போட்டிருந்தால் அந்தத் தேதிக்குள் தின்றுவிட வேண்டும், அது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. "பாய்க் செபெலும்" என்றால் அதுவரை ருசி, மொறுமொறுப்பு எல்லாம் சரியாக இருக்கும் என்று கம்பெனி சொல்கிறது. இரண்டாவது வகையில் தேதி தாண்டினாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் இந்தக் கிடங்கில் தேதி தாண்டிய எதுவும் வெளியே போவதில்லை. "நீங்களே திங்காத சாமான எங்களுக்குக் குடுக்கறீங்களான்னு யாரும் கேட்டுறக் கூடாது" என்றார் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். அதனால் தேதிக்கு ஐந்து நாள் இருப்பது இன்றைக்கே போகும், ஒரு மாதம் இருப்பது அடுத்த வாரம். மேசை முழுக்க இந்தக் கணக்குதான். குழந்தைப் பால்மாவு மட்டும் தனி அலமாரி, பூட்டுடன்.

ஹலால் விஷயமும் உண்டு. ஹலால் அல்லாதது தனி மேசை, தனிப் பெட்டி, தனி அட்டவணை. மாட்டிறைச்சி டின் இந்து முதியோர் இல்லத்துக்குப் போகாமல் பார்ப்பதும் அதே அக்கறையோடு நடக்கிறது. எங்கள் ஊரில் செய்தால் இதை முதல் நாளே யோசிக்க வேண்டும், பிளாட்டில் எல்லா இனத்தாரும் இருக்கிறார்கள்.

தேநீர் வேளையில் அண்ணனிடம் கேட்டேன், பேரங்காடிக்காரர்கள் ஏன் கொடுக்கிறார்கள் என்று. புண்ணியம் என்று சொல்வார் என நினைத்தேன். குப்பைக்கு அனுப்பவும் செலவாகுமே, அதுதான் முதல் காரணம் என்றார். சீனப் புத்தாண்டு முடிந்தால் மேண்டரின் ஆரஞ்சு, நோன்புப் பெருநாள் முடிந்தால் பேரீச்சம்பழம், தீபாவளி முடிந்தால் முறுக்கு. லேபிளில் எழுத்து தப்பாக அச்சாகிவிட்டால் ஒரு லோரி நிறைய சோயா சாஸ். திடக்கழிவுக் கழகம் சொல்லிவரும் கணக்குப்படி இந்த நாட்டில் ஒரு நாளைக்குச் சுமார் 17,000 டன் உணவு குப்பைக்குப் போகிறது. அதில் 4,000 டன்னுக்கு மேல் தின்னத் தகுந்தது.

முன்பெல்லாம் கொடுக்கவே பயந்தார்களாம். சாப்பிட்ட பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்து வழக்குப் போட்டால்? அந்தப் பயத்துக்குத்தான் 2020-இல் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, சட்டம் 826. நல்லெண்ணத்தோடு, கொடுக்கும்போது பாதுகாப்பாக இருந்த உணவைக் கொடுத்தவர் மேல் பிறகு பொறுப்பைச் சுமத்த முடியாது. பிரான்சில் 2016-இல் ஒரு படி மேலே போய், பெரிய பேரங்காடிகள் விற்காத நல்ல உணவை அழிக்கவே கூடாது என்று சட்டம் போட்டார்கள். நம் சட்டம் கொடுப்பவரைக் காப்பாற்றுகிறது, கொடு என்று சொல்லவில்லை. என்னைக் கேட்டால் அதையும் சொல்லியிருக்கலாம்.

சாயங்காலம் இடுப்பு கழன்றுவிட்டது. சித்தி சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

செவ்வாய், செலாயாங் மொத்தச் சந்தை

விடியுமுன் லோரியில் ஏறிக்கொண்டேன். ஓட்டுநர் அண்ணன் பஹாங்கில் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். இப்போது ஓட்டுவது குளிர்சாதனப் பெட்டி பூட்டிய லோரி. ஸ்டியரிங் பக்கத்தில் குட்டி முருகன், அதன் பக்கத்தில் வெப்பநிலை காட்டும் பெட்டி. அண்ணன் கண் முருகனைவிட அந்தப் பெட்டியைத்தான் அடிக்கடி பார்த்தது.

கோலாலம்பூர் மொத்தச் சந்தை தூங்குவதே இல்லை. கேமரன் மலையிலிருந்து வந்த முட்டைக்கோஸ், தக்காளி, சாவி கீரை. தாய்லாந்துச் சின்ன வெங்காயம். வெளுத்துப்போன டி-ஷர்ட்டில் மூட்டை தூக்குகிறவர்களில் பெரும்பாலோர் மியன்மார்க்காரர்கள். 2020 ஏப்ரலில் இந்தச் சந்தையைச் சுற்றி முள்கம்பி போட்டு அடைத்தார்கள், நினைவிருக்கும். நாட்டுக்கே காய்கறி அனுப்புகிற இடத்தில் வேலை செய்தவர்கள் அப்போது உள்ளே மாட்டிக்கொண்டு சாப்பாட்டுக்குத் தவித்தார்கள்.

இங்கே மீதமாவது எப்படி என்று பார்த்தேன். கெட்டுப்போய் மீதமாவது கொஞ்சம்தான். முட்டைக்கோஸின் வெளி இலை கிழிந்திருந்தால் வாங்க வருகிறவர் ஒதுக்குகிறார். தக்காளி ஒரே அளவில் இல்லையென்றால் உணவகக்காரர் ஒதுக்குகிறார். மழை பெய்து சில்லறை வியாபாரிகள் வராத நாளில் நல்ல சரக்கே அப்படியே நிற்கும். அடுத்த லோடு வந்து இறங்க இடம் வேண்டும், அதனால் பழையது போக வேண்டும். அந்த இடைவெளி சில மணி நேரம்தான். அதற்குள் போய் நின்றால் காய்கறி கிடைக்கும், பத்து மணிக்குப் போனால் பெரிய குப்பைத் தொட்டியில்தான் பார்க்கலாம்.

ஒரு சீனத் தவுக்கே, கடை முதலாளி, எங்களைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் கட்டைவிரலால் பின்பக்கம் காட்டினார். பதினைந்து இருபது பெட்டி கத்தரிக்காய். நீளக் கத்தரி, ஊதா, சிலதில் மட்டும் வடு. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன், காம்பு பச்சையாகவே இருந்தது. எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு இதைவிட நல்ல காய் எங்கள் ஊர்ப் பசாரில் கிடைக்காது.

"எல்லாத்தையும் எடுத்துராதீங்கக்கா," என்றார் ஓட்டுநர் அண்ணன். "இன்னைக்கே பிரிச்சு இன்னைக்கே சேர்க்க முடியுற அளவு மட்டும் எடுக்கணும். மிச்சத்த எடுத்தா குப்பை நம்ம கணக்குல ஏறும்."

கிடைக்கிறதே என்று அள்ளக் கூடாது. வாங்குகிற இடத்தில் எத்தனை குடும்பம், அவர்கள் வீட்டில் குளிர்ப்பெட்டி இருக்கிறதா, லோரி அங்கே எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போட வேண்டும். நம் ஊர் வெயிலில் கீரை இரண்டு மணி நேரம் தாங்காது. குளிர் லோரி என்பது ஆடம்பரம் என்று நினைத்திருந்தவர்கள் இந்தச் சந்தையில் ஒரு காலைப் பொழுது நின்று பார்க்கட்டும்.

வந்து குளித்துவிட்டு தோசையும் தே தாரேயும். அரைத் தூக்கத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதன், சித்தி வீடு

இன்று எங்கும் போகவில்லை. ஸ்காட் ரோடு கந்தசாமி கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஏற்பாடு, நமக்கு ஒத்துவராது என்று நேற்றைய பதிவுக்கு ஒரு நண்பர் எழுதியிருந்தார். கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரத்தில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் ஏழைகளுக்கான கஞ்சித்தொட்டியில் உதவிக்கொண்டிருந்தார். கடையின் குப்பைத் தொட்டியில் தேடியே பிள்ளைகளை வளர்த்த ஒரு தாய், இதையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வைத்தால் வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்களே என்று அவரிடம் சொன்னாள். செயின்ட் மேரிஸ் தேவாலயம் ஒரு பழைய பேக்கரிக் கட்டடத்தையும் 3,000 டாலரையும் கொடுத்தது. ஆண்டு 1967. இன்றைக்கு ஃபீடிங் அமெரிக்கா என்ற அமைப்பின் கீழ் சுமார் 200 வட்டார உணவு வங்கிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டாரம், அந்த வட்டாரத்துக்குள் இருக்கிற சின்னச் சின்னச் சங்கங்களுக்குச் சரக்கு அனுப்புவது அதன் பொறுப்பு.

வடலூரில் வள்ளலார் தருமசாலை திறந்தது 1867. சரியாக நூறு வருஷம் முன்னால். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அதன் பெருமை சோறு போட்டதில் மட்டும் இல்லை, மறுநாளும் போட்டதில். ஆகவே நண்பரே, ஒத்துவராது என்று சொல்ல நமக்கு வழியில்லை. நாம் திருவிழாவோடு நிறுத்திக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

வியாழன், செந்தூல்

மலிவு வீடமைப்பு பிளாட். கோலாலம்பூரில் பி.பி.ஆர். என்கிற இந்த அரசாங்க மலிவு வீட்டுக்கு வாடகை மாதம் 124 வெள்ளி (ரிங்கிட்). மூன்று அறை, 700 சதுர அடி, சில வீட்டில் எட்டுப் பேர். லிஃப்ட் இரண்டில் ஒன்றுதான் ஓடியது.

லோரி பத்து மணிக்கு வந்தது. கீழ்த்தளத்தில் குடியிருப்போர் சங்க மேசை. உணவு வங்கிக்காரர்கள் இறக்கி வைத்ததோடு சரி. பெயர்ப் பட்டியல், யாருக்கு என்ன என்பதெல்லாம் சங்கத்து அக்காவின் நோட்டுப் புத்தகத்தில். கட்டம் போட்ட பள்ளிக்கூட நோட்டு. வீட்டு எண், ஆள் எண்ணிக்கை, அப்புறம் தமிழும் மலாயும் கலந்து சின்னச் சின்னக் குறிப்பு: "இனிப்பு நீர்" (நீரிழிவு), "கேஸ் இல்லை", "குழந்தை 7 மாசம்", "மகன் வேலைக்குப் போயிட்டான், அடுத்த மாசம் நிறுத்தலாம்". இதை வைத்துத்தான் கிடங்குக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்கிறார்கள். நான் பார்த்த எல்லா ஏற்பாட்டிலும் விலைமதிப்பானது அந்த நோட்டுதான் என்று எனக்குப் படுகிறது. லோரியும் குளிர் அறையும் காசிருந்தால் வாங்கிவிடலாம்.

ஒரு பாட்டி வந்தார். வெள்ளை ரவிக்கை, தோளில் துண்டு. கோலசிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் மரம் சீவிப் பால் எடுத்தவர். தோட்டத்தை விற்று வீடு கட்ட ஆரம்பித்ததும் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, காலி பண்ணச் சொன்னார்கள். கொஞ்ச காலம் புறம்போக்கில் பலகை வீடு, அதையும் உடைத்ததும் இந்த பிளாட். இந்தக் கதை நம் மக்களில் எத்தனை பேருக்கு அச்சடித்த மாதிரி ஒன்றாகவே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் சம்பளம் சொற்பம்தான், ஆனால் லயத்துக்குப் பின்னால் முருங்கை இருந்தது, வாழை இருந்தது, கோழி இருந்தது. பன்னிரண்டாவது மாடியில் என்ன நட முடியும்?

பாட்டியிடம் சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுப்பது. இந்த மண்ணில் பிறந்தும் குடிமக்களுக்கான நீல அட்டை கிடைக்கவில்லை. அதனால் 2025 ஆகஸ்ட் கடைசியில் பதினெட்டு வயது தாண்டிய குடிமக்கள் எல்லாருக்கும் அடையாள அட்டை வழியாகச் சாமான் வாங்க 100 வெள்ளி கொடுத்தார்களே, அது பாட்டிக்கு இல்லை. சங்கத்து அக்காவின் நோட்டில் அட்டை நிறத்துக்குக் கட்டம் கிடையாது.

"பிஸ்கட்டு வேணாம்மா, சக்கரை ஏறிடும். கத்தரிக்கா இருந்தா இன்னும் ரெண்டு போடு."

செவ்வாய்க்கிழமைக் கத்தரிக்காய் அன்றே வேறு பிளாட்டுக்குப் போய்விட்டது. இது இன்றைய காலையில் எடுத்தது. இரண்டில்லை, நாலு போட்டேன்.

இங்கே ஒரு குறை சொல்லியாக வேண்டும். தானமாக வருவதில் பெரும்பங்கு மெகி, பிஸ்கட், இனிப்புப் பால், சர்பத். கெடாது, அடுக்க வசதி, கொடுப்பவருக்குச் சுலபம். ஆனால் 2019 தேசிய சுகாதார ஆய்வில் இந்த நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று வந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். அடுத்த பக்கம் பிள்ளைகள். கோலாலம்பூர் மலிவு பிளாட்டுகளில் யுனிசெஃப் எடுத்த ஆய்வு 2018-இல் வெளியானது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லை, 15 விழுக்காட்டினர் எடை குறைவு. ஜன்னலைத் திறந்தால் இரட்டைக் கோபுரம் தெரிகிற வீடுகளில். (கோபுரம் வராது என்று சொல்லியிருந்தேன். வந்துவிட்டது.) அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது முட்டை, பருப்பு, கீரை. அதனால்தான் முட்டையும் பருப்பும் இந்த உணவு வங்கி காசு கொடுத்தே வாங்குகிறது.

அரிசியும் வாங்குகிறார்கள். உள்நாட்டு வெள்ளை அரிசி பத்து கிலோ 26 வெள்ளி என்று கட்டுப்பாட்டு விலை, ஆனால் கடையில் கிடைக்க வேண்டுமே. 2023 செப்டம்பரில் இறக்குமதி அரிசி டன் 2,350-இலிருந்து 3,200 வெள்ளிக்கு ஒரே அடியாக ஏறியபோது எல்லாரும் உள்நாட்டு அரிசிக்குப் பாய, அலமாரி காலி. அதே வருஷம் ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது, அடுத்த மாதம் புழுங்கலுக்கு வரி போட்டது. நம் வீடுகளில் பொன்னி விலையைக் கேட்டுப் பெருமூச்சு விட்டோம். இந்த பிளாட்டில் ஒரு வேளையைக் குறைத்தார்கள்.

படம் எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று மேசையிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். முன்பு ஒரு கூட்டம் வந்து பத்துப் பை கொடுத்துவிட்டு நாற்பது படம் எடுத்து முகநூலில் போட்டதாம். படத்தில் இருந்த ஒரு பையனைப் பள்ளியில் கேலி பண்ண, அந்த வீட்டார் அப்புறம் மேசைப் பக்கமே வரவில்லை. இப்போது இருட்டியபின் அக்காவே அவர்கள் கதவில் பையை மாட்டிவிட்டு வருகிறார்.

வெள்ளி இரவு, சௌகிட்

இது உணவு வங்கி வேலையில்லை, பக்கத்து வேலை. தெருவில் படுப்பவர்களுக்குச் சமைத்த சாப்பாடு. மஸ்ஜிட் இந்தியா, துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலை, அப்படியே சௌகிட் வரை ஒரு தன்னார்வக் குழுவோடு நடந்தேன்.

தெருவில் சோறு போடுவதே இந்த ஊரில் ஒரு காலத்தில் வம்பாகியது. 2014 ஜூலையில், புக்கிட் பிந்தாங் லாட் 10 பேரங்காடியிலிருந்து 2 கிலோமீட்டர் சுற்றளவில் சூப் கிச்சன்கள் கூடாது என்று கூட்டரசுப் பிரதேச அமைச்சர் அறிவித்தார். எதிர்ப்பு கிளம்பியது, கெச்சாரா, பெர்த்திவி போன்ற குழுக்கள் விடவில்லை. பின்னால் மாநகராட்சியே மேடான் துவாங்குவில் உணவு கொடுக்க இடம் ஒதுக்கியது.

இன்றைக்குப் பிரச்சினை வேறு. நாங்கள் போகும்போது ஒரு மாமா கடை வாசலில் அட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் மூன்று பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. "வெள்ளி, சனி எல்லாரும் வருவாங்கம்மா. நாசி லெமாக், பிரியாணி, பர்கர். திங்கக்கிழமை வாங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்கள் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கவில்லை, தண்ணீர் போத்தல் மட்டும் எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை எங்கே சாப்பிடுகிறார் என்று கேட்டதற்கு ராஜா ஆலாங் சாலைப் பக்கம் கை காட்டினார். அங்கே தாத் கால்சா குருத்வாரா இருக்கிறது. கிழமை பார்க்காத லங்கர் என்கிற அன்னதானம், யார் என்று கேட்காத பந்தி. சீக்கியர்கள் இந்த நாட்டில் நம்மைவிட எவ்வளவு சின்னச் சமூகம். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

சனி, ரயிலில்

காலையில் பத்துமலைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். தைப்பூசத்தில் இந்த இடத்தில் எத்தனை அண்டா தயிர்சாதம் மிஞ்சும் என்று பந்தல் போட்டவர்களுக்குத் தெரியும். அதை உணவு வங்கிக்கு அனுப்பலாமே என்று தோன்றும், ஆனால் சமைத்த உணவை நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் அறிவுரை. நம் பந்தலில் அண்டா இறக்கிய நேரத்தை யார் எழுதி வைக்கிறார்கள்? சமைத்ததைவிடச் சமைக்காத மூட்டைகள் பயன்படும். பந்தலுக்கு வாங்கி மிஞ்சிய அரிசி, பருப்பு, எண்ணெய் டின்னை அன்றே கணக்கெடுத்து அனுப்பினால் ஒரு பிளாட்டுக்கு ஒரு மாதம் ஓடும்.

ரயில் தஞ்சோங் மாலிம் தாண்டிவிட்டது. குழுவிடம் சொல்லப் போவதை இங்கேயே எழுதிவிடுகிறேன், பொருளாளரும் இதைப் படிப்பார்.

முதலில் அரிசி வாங்க வேண்டாம். இரண்டு மாதத்துக்கு வீடு வீடாகப் போய் நோட்டு எழுதுவோம். பிளாட்டில் ஏற்கெனவே எல்லா வீட்டையும் தெரிந்த அம்மா ஒருவர் இருக்கிறார், தேவாலயத்துக்குப் போகிறவர். நோட்டு அவர் கையில் இருக்கட்டும். நம் குழுத் தலைவர் பெயர் பையில் வேண்டாம், கோயில் பெயரும் வேண்டாம். (இதற்குச் சண்டை வரும், வரட்டும்.) கோயில் மண்டபத்துக் களஞ்சிய அறையில் எலி ஓட்டையை அடைத்து, தரையில் படாமல் பலகை அடுக்கினால் உலர் சாமானுக்குப் போதும். குளிர் அறை இப்போதைக்குக் கட்டுப்படியாகாது, ஆகவே கீரையும் பாலும் வாங்கிச் சேர்த்து வைக்கிற வேலையே கூடாது. காய்கறியைச் சுங்கைப்பட்டாணிப் பசாரில் காலையில் எடுத்துப் பகலுக்குள் சேர்த்துவிடலாம், தூரம் கம்மி. ஊரில் இருக்கிற பேரங்காடிகளில் ஒன்றோடு மட்டும் ஆரம்பிப்போம். சட்டம் 826 நகல் ஒன்றைக் கையோடு எடுத்துப் போனால் மேலாளர் பயப்பட மாட்டார் என்று கிடங்கு அண்ணன் சொல்லி அனுப்பியிருக்கிறார். மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை கொடுப்போம், ஒரு வருஷம் விடாமல் ஓடினால் அப்புறம் பெரிதாக்கலாம்.

செவ்வாய்க்கிழமை யாருக்கும் லீவு இல்லை என்பார்கள். ஓய்வு பெற்றவர்கள் குழுவில் பாதிப்பேர் இருக்கிறார்கள்.

சுங்கைப்பட்டாணி, பீடோங், பாக்கார் ஆராங் பக்கம் இருப்பவர்களில் யாரிடமாவது வேன் இருந்தால் சொல்லுங்கள். ஏர்கோன் வேலை செய்ய வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.